வெருகல் வரைக்கும் குளிர்

என் அண்ணைக்கு வியர்க்காது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் பொறாமைப்படுவார்கள். திருகோணமலையில் கச்சான் என்கிற அனல்காற்று அடிக்கிற மாதங்களில், சட்டை முதுகோடு ஒட்ட ஒட்டத் திரிகிறவர்களுக்கு வியர்க்காத மனிதர் பாக்கியசாலி மாதிரித்தான் தோன்றுவார். அவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி நான் அலுத்துப்போனேன். உடம்பு தன்னைத் தானே ஆற்றிக்கொள்வதற்குத்தான் வியர்வை. அண்ணையின் முகத்தில் பாதியும், கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் முன்பக்கம் முழுவதும், நீராவியில் வெந்து ஆறிய தோல். அந்தத் தோலுக்கு வியர்க்கத் தெரியாது. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலே சூடு உள்ளுக்குள் ஏறும், பேச்சுக் குழறும், கண் செருகிக்கொண்டு போகும். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸுக்குள்ளேயே விழுந்துவிட்டார். திரும்பவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இனியொருமுறை இப்படி நடந்தால் பிழைக்கமாட்டார் என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

அதற்குப் பிறகு அண்ணை பகலில் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. கிணற்றடிக்குப் பக்கத்து அறையில், ஈரத்துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, காலையில் ஒருதரம், மத்தியானம் இரண்டு மூன்றுதரம் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டு வாழ்ந்தார். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை செய்தேன். மத்தியானம் ஓடிவந்து சாப்பாடு போட்டுவிட்டு மறுபடி ஓடுவேன். எனக்குக் கோபம் மூக்குநுனியில். கந்தோரில் என்னைக் கண்டால் வழிவிட்டு நிற்பார்கள். வீட்டில் அந்தக் கோபத்தைக் காட்ட ஆளில்லை, அண்ணையிடம் காட்ட மனம் வராது, பாத்திரங்களிடம் காட்டுவேன்.

விபத்து நடந்தது அறுபதுகளின் நடுவில். அண்ணை துறைமுகத்தில் குழாய் பொருத்துகிற வேலை. ஒரு கப்பலின் கொதிகலனிலிருந்து வருகிற நீராவிக் குழாயில் மூட்டொன்று ஒழுகியது. மேலே நின்றவர் "வால்வு பூட்டியாச்சு" என்று குரல் கொடுத்தார். அண்ணை நம்பி மூட்டைக் கழற்றினார். பூட்டியிருக்கவில்லை. நீராவி அடித்து ஓய்ந்தபோது, உடம்பின் முன்பக்கத்தில் கழுத்துக்குக் கீழே, பூட்ஸுக்குள் இருந்த இரண்டு பாதங்கள்தான் முழுதாக மிஞ்சியிருந்தன.

அப்போது அவருடைய மகளுக்கு ஐந்து வயது. அண்ணி ஏற்கெனவே காய்ச்சலில் போய்விட்டார். அண்ணியின் ஊர் வெருகலுக்குக் கிட்டக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். மீன்பிடியும் கொஞ்சம் சேனைப்பயிரும். செய்தி கேட்டு அண்ணியின் தமக்கை, பிள்ளையின் பெரியம்மா, வந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். வார்டுக்குள் கால் வைத்துக் கட்டிலைப் பார்த்ததும் பிள்ளை அலறத் தொடங்கியது. நிறுத்தவே முடியவில்லை. தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தோம். அன்றைக்கே அண்ணை, பேசமுடியாத வாயால், "அவளை இனி இஞ்ச கொண்டு வராதேங்கோ" என்றார். பெரியம்மா பிள்ளையை வெருகல் பக்கம் கொண்டுபோய்விட்டார். அவள் அங்கேயே வளர்ந்தாள்.

இடையில் ஒருமுறை, பன்னிரண்டு வயதிருக்கும், பெரியம்மாவோடு மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து எங்கள் வீட்டுப் படலையடியில் நின்றாள். அண்ணை அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கதவில் தட்டிப் பார்த்தேன். "பயந்துபோவாள், அனுப்பிவிடு" என்பதைத் தவிர உள்ளிருந்து வேறு பேச்சில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். எனக்கு அந்தப் பிள்ளைமீதும் கோபம்தான். கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போயிருக்கலாமே, தகப்பன்தானே என்று நினைத்தேன்.

பிறகு வந்தது கலியாணச் செய்தி. எழுபதுகளின் கடைசியில், இறக்குமதியை எல்லாம் திறந்துவிட்டு, ஊரில் யப்பான் ரேடியோக்களும் நிலாவெளியில் ஹோட்டல்களும் மலிந்த காலம். பெரியம்மா வெற்றிலை பாக்கோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை அந்த ஊர்ப் பையன்தான், வள்ளம் வைத்திருக்கிறான், நல்ல பிள்ளை என்று சொன்னார். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை பிடிவாதமா நிக்கிறாள். அப்பா வந்து தாலி எடுத்துக் குடுத்தால்தான் கட்டுவன் எண்டுறாள். ஊரில பெரியாக்கள் ஆரும் எடுத்துக் குடுக்கலாம் எண்டு சொல்லிப் பாத்தம். ஏலாதாம். நான் என்ன செய்ய?"

"அவரால வர ஏலாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்று நான் சீறினேன். "ஆவணி மாசத்து வெயிலில கொண்டுபோய்ச் சாகக் குடுக்கச் சொல்லுறீங்களோ?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அண்ணை அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கவேண்டும். அன்று பின்னேரம் சாப்பிட உட்கார்ந்தபோது, பிட்டைக் குழைத்துக்கொண்டே, "ஏலுமோ எண்டு பாப்பம்" என்றார். எங்கேயாவது போகவேண்டும் என்று அவர் வாயால் கேட்டு எத்தனையோ வருடம்.

வெருகலுக்குப் போவது லேசான காரியமல்ல. மூதூருக்கு லோஞ்சில் போனால் தலைக்கு மேலே வெயில், இறங்கினால் சனம் பிதுங்கும் பஸ். தரைவழியாகப் போனால் கிண்ணியாத் துறையில் பாதை, அதற்கப்பால் ஆற்றுக்காறு பாதை. பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது, வண்டி வாகனங்களை ஏற்றிக் கயிற்றில் இழுத்து அக்கரை சேர்க்கிற மிதவையை. பொழுதுபட்டால் பாதை ஓடாது. விடியப் புறப்பட்டாலும் துறைகளில் காத்துக்கிடந்து போய்ச்சேர நன்றாக வெயில் ஏறிவிடும். ஆகவே இரவில் கொண்டுபோகலாம் என்ற கதைக்கே இடமில்லை. பகலில்தான் போகவேண்டும், குளிரூட்டிய காரில்தான் போகவேண்டும்.

அப்படி ஒரு கார் எங்கள் ஒழுங்கையின் அடுத்த முனையில் நின்றது. கிண்ணியாக்காரர் ஒருவர், பட்டினத்தில் கடை வைத்திருந்தார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். யப்பானில் யாரோ ஓடி முடித்து, பிறகு கொழும்பில் ஒருவர் வைத்திருந்த காரை அவர் புதிதாக வாங்கியிருந்தார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"காரு இரிக்கி தங்கச்சி. குளிருதான் இல்ல. வாங்கி வரக்குள்ளேயே ஏசி செத்துப்போய்த்தான் வந்திச்சி. நீங்க குளிர உண்டாக்குங்க, நானே ஓட்டிக்கிட்டுப் போறன். அந்தத் துறைக்காரன் எல்லாரையும் எனக்குத் தெரியும்."

குளிரை உண்டாக்க ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். கப்பல்களின் குளிரறைகளிலும் ஐஸ் போடுகிற இடத்திலும் வேலை செய்துவிட்டு, பிறகு சொந்தமாகக் கராஜ் போட்டவர். ஒழுங்கென்றால் அவருக்கு உயிர். கழற்றுகிற ஆணிகளைப் பேப்பரில் வரிசையாக வைப்பார். யாராவது கம்பியால் கட்டி, துணியால் சுற்றி ஒப்பேற்றியிருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, எல்லாவற்றையும் களைந்து, கார் செய்தவன் எப்படிச் செய்தானோ அப்படியே திருப்பிப் பூட்டுவார். நல்ல மனிதர். காரைப் பார்த்துவிட்டு கொம்பிரசர் போய்விட்டது, அதன் வழியாகக் காஸ் முழுக்க வெளியேறிவிட்டது என்றார். கொழும்பிலிருந்து கொம்பிரசர் வந்தது. ஈரத்தை உறிஞ்சுகிற போத்தலையும் மாற்றினார். பழைய ரப்பர் குழாய்கள் வெடித்திருந்தன, அவற்றையும் மாற்றினார். புதுக் காஸ் ஏற்றிக் காரை முடுக்கினார். நான் கையை நீட்டினேன். ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அண்ணை, குளிருது" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினேன்.

அடுத்த நாள் மத்தியானம் நானா காரைக் கொண்டுவந்தார். அண்ணைக்குப் பதிலாக நான் ஏறிப் பார்ப்பது என்று ஏற்பாடு. உச்சி வெயில், கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. நிலாவெளி ரோட்டில் விட்டோம். தொடக்கத்தில் குளிர் கையைக் கடித்தது. சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்ட வரும்போது கடி குறைந்தது. பாலம் தாண்ட, மின்விசிறிக் காற்று மாதிரி ஆகிவிட்டது. நிலாவெளியில் திருப்பும்போது என் முதுகில் வியர்வை வழிந்தது. எனக்கு வழியலாம், வழிந்தால் நான் பிழைத்துக்கொள்வேன். அண்ணை அந்த இடத்தில் இருந்தால் என்ன நடந்திருக்கும்?

அன்றிலிருந்து தொடங்கியது அலைச்சல். காஸ் போதாது என்று மெக்கானிக் இன்னும் ஏற்றினார். சரிவரவில்லை. கூடிப்போய்விட்டது என்று கொஞ்சம் வெளியே விட்டார். அதற்கும் மசியவில்லை. குழாய்க்குள் ஈரம் நின்று, ஓடத் தொடங்கியதும் ஐஸாக உறைந்து அடைக்கிறது, அதனால்தான் முதலில் குளிர்ந்து பிறகு நின்றுபோகிறது என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் இறக்கி, காற்றை உறிஞ்சி எடுத்து, போத்தலை மறுபடி மாற்றி, காஸ் குறுகிப் போகிற வால்வையும் புதிதாகப் போட்டார். மறுபடி சாம்பல்தீவுப் பாலம் வரைக்கும்தான் குளிர். வெக்கையை வெளியே விடுகிற முன்தட்டில் கடல் உப்பு படிந்துவிட்டது என்று சோப்புப் போட்டுக் கழுவினோம். கழுவியதில் கார் பளபளத்தது, அவ்வளவுதான்.

ஊர்க்காரர் சும்மா இருப்பார்களா? யப்பான் மெஷின் யப்பான் வெயிலுக்குத்தான் என்றார் ஒருவர். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டச் சொன்னார் இன்னொருவர். கப்பல்துறையில் ஒரு லொறிக்காரர் காருக்குள்ளே ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு போங்கள் என்று சிரிக்காமல் சொன்னார். அவரோடு நான் சண்டைக்கே போயிருப்பேன், நானா தடுத்துவிட்டார். கலியாண நாள் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. அண்ணை எதுவும் கேட்கவில்லை. நான் கராஜிலிருந்து வரும்போது முகத்தை மட்டும் பார்ப்பார். பார்த்துவிட்டுத் துவாயை நனைக்கக் கிணற்றடிக்குப் போய்விடுவார். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல், குசினிக்குள் போய் நின்று அழுதிருக்கிறேன்.

கடைசியில் மெக்கானிக்கே கையை விரித்தார். "அக்கா, நான் மாத்தக்கூடிய எல்லாத்தையும் மாத்திப்போட்டன். இதுக்கு மேல எனக்குத் தெரியேல்லை" என்றார். அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை, ஆனால் கவலைப்பட்டார்.

அன்று பின்னேரம் வெயில் தணிந்து, மரங்களின் நிழல் ரோட்டில் விழுந்த பிறகு, அண்ணை சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "ஒருக்கா நானும் இருந்து பாக்கிறன்" என்றார். ஒழுங்கையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, துவாயால் முகத்தை மூடிக்கொண்டு முன் இருக்கையில் ஏறினார். நானா ஓட்டினார், நானும் மெக்கானிக்கும் பின்னால் இருந்தோம். கடற்கரை ரோட்டில் கொஞ்சத்தூரம் போய்த் திரும்பினோம். வழக்கம்போல முதலில் குளிர்ந்தது, பிறகு குளிர் தளர்ந்தது. அண்ணை செருப்பைக் கழற்றி, வேகாமல் மிஞ்சிய பாதத்தை நீட்டி, முன்பலகைக்குக் கீழே ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் கால் நீட்டி ஆறுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இஞ்ச வெக்கை வருது" என்றார்.

"முன்னுக்கு எஞ்சின்தானே அண்ணை, அதின்ர வெக்கை" என்றார் மெக்கானிக்.

"எஞ்சின் வெக்கை எண்டால் பரவி வரும். இது ஒரு இடத்தில நிண்டு சுடுது. இதுக்குள்ள குழாயில சுடுதண்ணி ஓடுது."

"குளிர் வாற பெட்டிக்குள்ள சுடுதண்ணி ஏன் ஓடப்போகுது?"

"ஏன் எண்டு எனக்குத் தெரியாது. ஓடுது."

நானா காரை ஓரமாக நிறுத்தினார். மெக்கானிக் முன்னால் எட்டிக் குனிந்து பார்த்துவிட்டு, அது ஹீற்றர் என்றார். குளிர் நாட்டுக்காரர் காருக்குள்ளே வெக்கை பிடிப்பதற்காக, எஞ்சினில் கொதிக்கிற தண்ணீரை இரண்டு குழாயால் உள்ளே கொண்டுவந்து, காற்று வருகிற அதே வழியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு வால்வு உண்டு, அது பூட்டித்தான் கிடக்கிறது என்று, முன்பலகையில் நீலப் பக்கம் தள்ளியிருந்த பிடியைக் காட்டினார்.

"திருக்கோணமலையில ஹீற்றரு!" என்றார் நானா. "இஞ்ச வெக்க என்ன, கடையில வாங்கிற சாமானா?"

அண்ணை சிரிக்கவில்லை. "வால்வு பூட்டியிருக்கிறதை நீங்கள் கண்ணால பாத்தீங்களோ?" என்று கேட்டார்.

"பிடி நீலத்திலதானே நிக்குது அண்ணை."

"பிடியை நான் கேக்கேல்லை தம்பி. வால்வைப் பாத்தீங்களோ?"

மெக்கானிக் இறங்கி எஞ்சின் மூடியைத் தூக்கினார். பிடியிலிருந்து வால்வுக்குப் போகிற கம்பி கொளுக்கியிலிருந்து கழன்று தொங்கியது. பிடியை நீலத்துக்கும் சிவப்புக்கும் எத்தனை தரம் இழுத்தாலும் வால்வு அசையவில்லை. அது முழுக்கத் திறந்து கிடந்தது. எஞ்சின் சூடேறச் சூடேற, ஒரு பக்கத்தில் அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய குளிரை, மறு பக்கத்தில் கொதிதண்ணீர் தின்றுகொண்டிருந்தது.

மெக்கானிக் கழன்ற கம்பியை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு அவராகவே சொன்னார். கார் கராஜுக்கு வந்தபோது அந்த இரண்டு குழாயையும் யாரோ ஒரு பித்தளைத் துண்டால் ஒன்றோடொன்று கொளுவியிருந்தார்களாம். சுடுதண்ணீர் உள்ளே போகாமல் வெளியாலேயே திரும்பியிருக்கிறது. யாரோ அரைகுறையாக ஒப்பேற்றிய வேலை என்று நினைத்து, அந்தத் துண்டை எடுத்துவிட்டு, கார் செய்தவன் செய்தபடி குழாய்களை வால்வில் திருப்பிப் பூட்டியது அவர்தான். கொழும்பில் வைத்திருந்தவர் தெரிந்துதான் அப்படிச் செய்திருக்கிறார். எங்கள் ஊரில் யாருக்கு ஹீற்றர் பற்றி நினைப்பு வரும்? பிறந்ததிலிருந்து ஒருவரும் வெக்கை வேண்டும் என்று கேட்டதில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிதரை அங்கேயே வறுத்தெடுத்திருப்பேன். வாயைத் திறக்கும்போது அண்ணையின் கைகளைப் பார்த்தேன். மடியில் கிடந்த துவாயை இரண்டு கையும் இறுக்கி முறுக்கிக்கொண்டிருந்தன. "பூட்டியாச்சு எண்டு சொல்லுறவை பொய் சொல்லுறேல்லை" என்றார், யாரையும் பார்க்காமல். "அவையும் அப்பிடித்தான் நம்புகினம்."

மெக்கானிக் கராஜுக்குப் போய், ஒரு தகரப் பேணிக்குள் பத்திரப்படுத்தியிருந்த அதே பித்தளைத் துண்டை எடுத்து, குழாய்களை ஒன்றோடொன்று கொளுவினார். மறுநாள் உச்சி வெயிலில் நானும் நானாவும் நிலாவெளிக்கும் அப்பால் போய்த் திரும்பினோம். எனக்குப் பல் கிட்டியது. நானா சால்வையை எடுத்துக் காதில் சுற்றிக்கொண்டார்.

கலியாணத்தன்று விடிய வெளிக்கிட்டோம். அண்ணைக்கு முழுக்கைச் சட்டை, வேட்டி, துவாய். பின்னுக்கு இரண்டு கலன் தண்ணீர். கிண்ணியாத் துறைக்கு வரும்போதே நாலைந்து வாகனம் முன்னால் நின்றது. பாதைக்காரர் வந்து கண்ணாடியில் தட்டி, பாதையில் ஏறினால் எஞ்சினை நிறுத்தவேண்டும் என்றார். நானா இறங்கி அவருடைய தோளில் கை போட்டு ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். என்ன பேசினார்களோ தெரியாது. அந்த மனிதர் திரும்பி வந்து, ஒருதரம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஓடட்டும், நிப்பாட்டாதீங்க" என்று சொல்லிக் கயிற்றடிக்குப் போனார். பாதையில் நின்ற சனம் கண்ணாடிக்குள்ளால் பார்த்தது. அண்ணை துவாயை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த ஆறுகளிலும் அப்படியேதான் போனோம். குளிர் ஒரு இடத்திலும் குறையவில்லை.

ஊருக்குள் போகும்போது கச்சான் எழும்பிவிட்டது. புழுதியும் அனலுமாக அடித்தது. வீட்டு முற்றத்தில் கிடுகுப் பந்தல், அதற்குள் நிறைகுடம், குத்துவிளக்கு. நானா காரைப் பந்தலுக்கு எதிரே ஒரு பெரிய மரநிழலில் விட்டு, எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கிப் போனார். நான் பின்னால் இருந்து, "வாங்கோ அண்ணை" என்றேன்.

"கொஞ்சம் பொறு" என்றார்.

பொறுத்தேன். பெரியம்மா வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். சிறுசுகள் சுற்றி நின்று பார்த்தன. பந்தலுக்குள்ளே ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். பத்தடி தூரம். ஈரத்துவாயைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஒன்றும் ஆகாது, அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அண்ணை, நேரம் போகுது."

"நீ போய் எடுத்துக் குடு" என்றார். "நான் இஞ்ச இருந்து பாக்கிறன். என்னைக் கண்டால் அவள் இண்டைக்கும் பயந்திடுவாள். கலியாணத்தண்டு அவளைக் கத்த வைக்க என்னால ஏலாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இத்தனை வருடமும் அவரை வீட்டுக்குள் வைத்திருந்தது வெயில் மட்டுமல்ல என்பது. எனக்கு வந்தது கோபமா துக்கமா என்று இன்றைக்கும் தெரியாது. இவ்வளவு பாடுபட்டு, இத்தனை ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்தது இதற்குத்தானா என்று வாய்வரை வந்தது. அதற்குள் ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறந்தது.

மணப்பெண்தான். கூறைச்சேலையோடு, மாலையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நானாவின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பின்னால் நான் இருப்பதை அவள் கவனித்தாளோ தெரியாது. அண்ணை துவாயால் முழு முகத்தையும் மூடிக்கொண்டார்.

"அப்பா, ஒரு கேள்வி கேக்கவேணும். கேட்டிட்டுப் போறன்" என்றாள். குரல் நடுங்கவில்லை. "ஆஸ்பத்திரியில நான் கத்தினபடியாலதான் என்னை அனுப்பினீங்களோ?"

அண்ணை துவாயை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு துவாய்க்குள்ளால், "ஓம் பிள்ளை" என்றார். "சின்னப் பிள்ளை நீ. என்ர முகத்தைப் பாத்துப் பயந்து பயந்து வளரக்கூடாது எண்டுதான் அனுப்பினனான்."

"நான் பயப்படேல்லை அப்பா."

"நீ கத்தின சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது."

"பயத்தில கத்தேல்லை. நாங்கள் உள்ளுக்கு வரேக்க அந்த நேர்ஸ் உங்கட புண்ணில சுத்தின துணியை இழுத்து எடுத்துக்கொண்டு நிண்டவ. துணியோட தோலும் வந்தது. உங்களுக்கு வாயைத் திறந்து கத்தக்கூட ஏலாமல் கிடந்தது. அதுதான் நான் கத்தினனான்."

எனக்கு அந்த வார்ட் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. உண்மைதான். கட்டிலுக்குப் பக்கத்தில் நேர்ஸ் நின்றார். கையில் துணி இருந்தது. நானும் பெரியம்மாவும் பிள்ளையின் வாயைத்தான் பார்த்தோம், பிள்ளை எதைப் பார்த்தது என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் ஒருவரும் ஏன் கத்தினாய் என்று அவளைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றுதான் இருந்தோம்.

அண்ணை துவாயை எடுத்தார். தானாகவே எடுத்தார். அவள் அவருடைய முகத்தை நேரே பார்த்தாள். பிறகு, சுருங்கிக்கிடந்த அந்தக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, "இப்ப நோகுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றார் அண்ணை. அவருக்கு வாய் கோணியது. "இல்லைப் பிள்ளை, இப்ப நோகேல்லை."

அவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். அனல் காற்று முகத்தில் அடித்தது. எழும்பப் பார்த்தார். அவள் காரைச் சுற்றி ஓடிவந்து அவரை மறுபடி இருக்கையில் உட்காரவைத்தாள். "நீங்கள் இறங்கவேண்டாம் அப்பா. நாங்கள் இஞ்ச வாறம்" என்று சொல்லிவிட்டுப் பந்தலைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

நிறைகுடத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குத்துவிளக்குக் காற்றில் அணைந்தது, மறுபடி கொளுத்தி, காருக்கு மறைவாக வைத்தார்கள். பெரியம்மா பாயைக் கொண்டுவந்து கார்க்கதவடியில் விரித்தார். அவள் பாயில் உட்கார, மாப்பிள்ளைப் பையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அண்ணை கால் இரண்டையும் வெளியே வைத்து, இருக்கையில் இருந்தபடியே குனிந்து, தாலியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். ஊர் முழுவதும் சுற்றி நின்று அவருடைய முகத்தைப் பார்த்தது. அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்து, இருவருக்கும் பால் பழம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முழுக்கத் திறந்து கிடந்த கதவால் குளிர் எல்லாம் வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துவாயை அவருடைய தலையில் போட்டுவிட்டு, "காலை உள்ளுக்கு எடுங்கோ அண்ணை, கதவைச் சாத்துவம்" என்றேன்.

"சாத்தாதை" என்றார். "அவள் இன்னும் எழும்பேல்லை."